கதிரின் மருந்துப் பையும் ஒரு கழுதையும்

என் உயிர் மச்சான் கதிருக்கு,

எட்டு மாதமாக உனக்கு ஒரு சேதியும் சொல்லாமல் இருந்துவிட்டேன். ஞாயிறு தவறாமல் இரண்டு மணி நேரம் என் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த உனக்கு இது பெரிய குறைதான். சொல்லாததற்குத் துக்கம் ஒரு காரணம். இன்னொரு காரணம் பயம். உன் மருந்துப் பைக்கு நடந்ததை எந்த முகத்தோடு சொல்வது?

இந்தக் கடிதத்தை நம்மைத் தெரியாதவர்களும் படிப்பார்கள். அவர்களுக்காக உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்.

ஏழு வருடம் நாம் இருவரும் ‘கட்டைவிரல் கச்சேரி’ என்று வீடியோ கேம் பற்றி ஒரு பாட்காஸ்ட் நடத்தினோம். அம்மாபேட்டையில் எங்கள் சூட்கேஸ் கடைக்கும் வீட்டுக்கும் மேலே இருக்கும் குடோன்தான் ஸ்டுடியோ. சுற்றிலும் பெட்டிகளை அடுக்கிவிட்டால் எதிரொலி வராது என்று கண்டுபிடித்தவன் நீ. பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்துக்கு மட்டும் உன்னாலும் வழி கண்டுபிடிக்க முடியவில்லை. திருச்செங்கோட்டில் ஆழ்குழாய்க் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்கு ஹோஸ் பைப் விற்கும் கடையைப் பூட்டிவிட்டு, மதியச் சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக எங்கள் வீட்டில் வந்து நிற்பாய். அது தற்செயல் என்று ஏழு வருடமும் சாதித்தாய்.

நம் நிகழ்ச்சியின் முதுகெலும்பு ‘வடகோட்டை’. ஒன்பது பாகம் கொண்ட விளையாட்டுத் தொடர். முதல் பாகத்திலிருந்து வரிசையாக ஆடி, ஆடியதை வாரா வாரம் பேசினோம். அதில் ஒரு பாகம் முடிந்தால், வீரனின் தோளில் தொங்கும் பை அப்படியே அடுத்த பாகத்துக்கு வரும். அந்தப் பைதான் நம் சண்டைக்கெல்லாம் காரணம். காயம் ஆற்றும் மருந்துப் புட்டி எங்கே கிடைத்தாலும் நீ எடுத்து உள்ளே போடுவாய். வீரன் குற்றுயிராகக் கிடந்தாலும் ஒன்றைத் திறக்க மாட்டாய். “பின்னாடி பெரிய சண்டை வரும்டா, அப்ப வேணும்” என்பாய். ஆறாம் பாகம் வந்தும் எந்தச் சண்டையும் உனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. புட்டிகள் நானூறைத் தாண்டின. போதாததற்கு அந்தப் பொன் இறகு வேறு. செத்த ஒரு உயிரை ஒரே ஒரு முறை எழுப்பும். முழுத் தொடரிலும் ஒன்றுதான் கிடைக்கும். முதல் பாகத்தில் எடுத்ததை ஆறாம் பாகம் வரைக்கும் சுமந்தாய்.

கடைசி முறை பதிவு செய்தபோது எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. “அந்தப் பையைக் கட்டிப் புடிச்சுக்கிட்டேதான்டா நீ சாவப் போற” என்று மைக்கில் சொன்னேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். ஐந்து நாள் கழித்து, காலையில் கடை ஷட்டரைத் தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். முப்பத்தொன்பது வயது. அந்தப் பதிவை நான் வெளியிடவில்லை. யாரிடமும் அதைப் பற்றிப் பேசவும் இல்லை.

நீ போன செய்தியை நேயர்களுக்குச் சொல்ல நான் தனியாக ஒரு எபிசோடு போட்டேன். பதினொரு நிமிடம். அதில் நாலு நிமிடம் மூக்குறிஞ்சும் சத்தம். வந்த கடிதங்களைப் பார்த்திருந்தால் நீ சந்தோஷப்பட்டிருப்பாய்.

ஒருவர் எழுதியிருந்தார்: “ஆழ்ந்த இரங்கல். அண்ணன் இடத்தை யாராலும் நிரப்ப முடியாது. ஆறாம் பாகத்தில் அணைக்கட்டுச் சாவி எங்கே இருக்கிறது என்று அவர் அடுத்த வாரம் சொல்வதாகச் சொன்னார். உங்களுக்குத் தெரியுமா?” இன்னொருவர் ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்து விமர்சனம் போட்டிருந்தார்: “பேசுபவரின் துக்கம் உண்மையானது. ஆனால் பின்னால் ஃபேன் சத்தம் கேட்கிறது.”

மேச்சேரிப் பக்கம் ஆடு வளர்க்கும் சின்னப்பொண்ணு அக்காவை நினைவிருக்கிறதா? கேம் என்றால் என்னவென்றே தெரியாமல், நாம் சண்டை போடுவதைக் கேட்பதற்காகவே கேட்பவர். குரல் பதிவு அனுப்பியிருந்தார். “உங்க கூட்டாளி சிரிச்சாருன்னா எங்க ஆடு அத்தனையும் திரும்பிப் பாக்குமுங்க. இந்த வாரம் நீங்க மட்டும் பேசுனீங்க. ஒண்ணுகூடத் திரும்பலீங்க. உங்களக் கொறை சொல்லலீங்க சாமி, ஆட்டைச் சொல்றேன்.”

சத்தீஸ்கரில் போர் போடும் ரிக் டிரைவர் பழனிசாமியின் பதிவில் கம்ப்ரஸர் சத்தம் தவிர எதுவும் கேட்கவில்லை. மறுநாள் வண்டியை நிறுத்திவிட்டு மறுபடி அனுப்பினான். “நேத்து அழுதனுங்ணா. சத்தத்துல கேட்டிருக்காது. அதான் நிறுத்திப்போட்டு இன்னொருக்கா சொல்றேன்.”

ஆத்தூர் மாணிக்கம் சார் மட்டும் ஒரு வாரம் எதுவும் எழுதவில்லை. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஒவ்வொரு எபிசோடுக்கும் உனக்குத் திருத்தம் அனுப்பி, ஒன்றைக்கூட நீ ஒப்புக்கொள்ளாமல் விட்டாயே, அவர்தான். பிறகு இரண்டு வரி வந்தது: “அவர் ஒரு தடவையாவது மருந்தைக் குடிப்பார் என்று நான் ஏழு வருஷம் காத்திருந்தேன். இனி யாருக்குத் திருத்தம் அனுப்புவது என்று தெரியவில்லை.”

அதைப் படித்ததும் நிகழ்ச்சியை மூடிவிடலாம் என்று தோன்றியது. மூடினேன். ஏழு வாரம் குடோன் பக்கமே போகவில்லை. நேயர்கள் விடுவார்களா? தொடரைப் பாதியில் நிறுத்துவது உனக்குச் செய்யும் துரோகம் என்று ஒரே பேச்சு. சரி, உன் ஆட்டத்தையே முடித்துவைப்போம் என்று, உன் கேம் பெட்டியை வாங்கத் திருச்செங்கோடு போனேன்.

உன் கடையில் உன் மனைவி வளர்மதி உட்கார்ந்திருந்தாள். ஹோஸ் பைப்பை அளந்து வெட்டிக்கொண்டே, “வாங்ணா. உக்காருங்க. காப்பியா டீங்ளா?” என்றாள். உன்னைவிட வேகமாக வெட்டுகிறாள், அதையும் சொல்லிவிடுகிறேன். நான் வந்த விஷயத்தைச் சொன்னேன்.

“எடுத்துட்டுப் போங்ணா. ஆனா ஒண்ணு சொல்லோணும். திட்டக் கூடாது.”

“நான் எதுக்கும்மா திட்டப் போறேன்?”

“அந்தப் பையில இருந்த மருந்தையெல்லாம் குடிச்சுப்போட்டனுங்ணா.”

எனக்கு முதலில் புரியவில்லை. வேறு ஏதோ மருந்து என்று நினைத்துப் பதறி எழுந்துவிட்டேன்.

“அட, கேம்லீங்ணா” என்றாள். “சாயங்காலம் கடையடச்சுப் போனா கை சும்மா இருக்குது. பெட்டியத் தொடைக்கப் போனேன், பட்டன் பட்டு ஆட்டம் ஆரம்பிச்சிருச்சு. அப்படியே புடிச்சுட்டேன். மொத நாளு ஒரு கரடி. அதுக்கே நாப்பது குடிச்சேன்.”

“ஒரு கரடிக்கு நாப்பதா?”

“அடிச்சா வலிக்காதுங்ளா அந்த ஆளுக்கு? வாங்கி வாங்கி உள்ள போட்டு வெச்சுருக்காங்க. ஒண்ணாச்சும் குடுத்தாங்களா அவனுக்கு? எனக்குப் பாவமா இருந்துச்சு.”

நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன். “அந்த இறகு?”

“கழுதைக்குப் போட்டுட்டனுங்ணா.”

கதிர், உன் ஆட்டம் நின்ற இடத்தைத் தாண்டினால், மலைச்சரிவில் கல் உருண்டு ஒரு பொதி கழுதை செத்துப்போகும். கதைக்காகவே சாகடிக்கப்படும் மிருகம். அதை எல்லோரும் தாண்டித்தான் போவார்கள், நீயும் தாண்டித்தான் போயிருப்பாய். அதற்குப் போய்ப் பொன் இறகைப் போட்டிருக்கிறாள்.

“செத்தது எந்திரிக்கும்னு எழுதியிருந்துச்சு. அது கண்ணு முன்னால கெடக்குது. வெச்சுட்டுப் போக மனசு வருமுங்ளா? போட்டேன். எந்திரிச்சு நின்னுச்சு” என்றாள். சொல்லிவிட்டு, வெட்டிய பைப்பையே மறுபடி அளந்தாள். நான் சுவரில் தொங்கிய ஹோஸ் சுருள்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பிறகு அவளே சொன்னாள். “அவிய ஆட்டத்தத் தொடலீங்ணா. அது மேல அப்படியே இருக்குது. நான் தனியா வேற பேருல சேத்து வெச்சு ஆடறேன்.” பெட்டியை என் வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டுப் பார்த்தேன். மேலே உன் ஆட்டம், நானூறு புட்டியோடும் இறகோடும். கீழே அவளுடையது, பதினைந்து புட்டியோடும் ஒரு கழுதையோடும்.

நடந்ததை அவள் வாயாலேயே நேயர்களுக்குச் சொல்லவைத்தேன். அடுத்த ஞாயிறு, மாமியாரையும் அழைத்துக்கொண்டு அம்மாபேட்டைக்கு வந்தாள். உன் அம்மா கீழே எங்கள் வீட்டில் என் மனைவியோடு பேசிக்கொண்டிருக்க, நாங்கள் மேலே பதிவு செய்தோம். அந்த எபிசோடுக்கு வந்த மாதிரி கடிதங்கள் நமக்கு என்றைக்கும் வந்ததில்லை.

பாதிப் பேர் கொதித்தார்கள். கதிர் அண்ணன் சேர்த்துவைத்த பையோடுதான் தொடரை முடிக்க வேண்டும், அதுதான் மரியாதை என்றார்கள். மீதிப் பேர், இத்தனை வருடத்தில் இப்போதுதான் ஒருவர் ஒழுங்காக ஆடுகிறார் என்றார்கள். மாணிக்கம் சார் நான்கு பக்கம் எழுதியிருந்தார். கடைசி வரி: “குடித்தார். குடித்தார். கடைசியில் ஒருவர் குடித்தார்.” கீழே ஒரு திருத்தமும் இருந்தது, கரடிக்கு நாற்பது அதிகம், பன்னிரண்டே போதும் என்று. உயிர் திரும்பியவர் எழுதிய மாதிரி இருந்தது அந்தக் கையெழுத்து.

பழனிசாமிக்குத்தான் தாளவில்லை. நாங்கள் அடுத்த எபிசோடு பதிவு செய்துகொண்டிருக்கும்போதே போன் செய்துவிட்டான். “அது எங்கண்ணன் சேத்து வெச்ச எறகுங்க. கழுதைக்கா போடறது?”

வளர்மதி மைக்கை இழுத்து வைத்துக்கொண்டாள். “ஏனுங் தம்பி, நீங்க ஊட்டுக்கு வந்து எத்தன மாசமாச்சு?”

“பத்து மாசமுங்க.”

“லீவு இல்லீங்ளா?”

“இருக்குதுங்க. சேத்து வெச்சுருக்கேன். பின்னால தேவப்படுமுன்னு.”

பட்டென்று போனை வைத்துவிட்டான். மறு வாரம் ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டான். வந்த நாலாம் நாள் சேதி அனுப்பினான்: “ஊட்ல ஒரே சண்டைங்ணா. நாளைக்கே வண்டிக்குத் திரும்பலாம்னு இருக்கேன். அக்காகிட்டச் சொல்லிருங்க, கோவமில்லீன்னு.”

எந்த ஆட்டத்தைத் தொடர்வது என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. உன் ஆட்டத்தையே எடுத்து ஒரு நாள் மதியம் தனியாக உட்கார்ந்தேன். குகை வாசலில் வீரன் அடி வாங்கித் தள்ளாடுகிறான். பையைத் திறந்தேன். நானூறு புட்டி வரிசையாக நிற்கிறது. ஒன்றை எடுக்க எனக்குக் கை வரவில்லை, கதிர். உன்னை ஏழு வருடம் எதற்குத் திட்டினேனோ, அதையே நானும் செய்தேன். வீரன் செத்துப்போனான். பெட்டியை அணைத்துவிட்டு வளர்மதிக்குப் போன் செய்து, “உன் ஆட்டத்தையே முடிப்போம்மா” என்றேன்.

அந்த வெளியிடாத பதிவைப் பற்றி அன்றைக்குத்தான் அவளிடம் சொன்னேன். என்ன சொல்லித் தொலைத்தேன் என்பதையும் சொன்னேன். கேட்க வேண்டும் என்றாள். அடுத்த ஞாயிறு குடோனில் என் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முழுவதையும் கேட்டாள். நான் பார்க்க முடியாமல் ஒரு சூட்கேஸின் ஜிப்பை மூடித் திறந்துகொண்டிருந்தேன். ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சொன்னாள், “இதத்தான நானும் தெனம் சொல்லுவேன். புதுச் சட்டைய மடிச்சு வெச்சுட்டுப் பழசையே போடுவாங்க. நீங்க சொல்லித்தான் போனாங்கன்னா, நான் சொன்னதுக்கு எப்பவோ போயிருக்கோணும்.” அப்புறம் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். அழுகையும் இருந்தது, அதை விடு.

அந்தப் பதிவை வெளியிட்டோம். உன் சிரிப்பைக் கேட்டு ஆடுகள் திரும்பினவா என்று சின்னப்பொண்ணு அக்காவிடம் நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். திரும்பினவாம்.

கழுதையைப் பற்றி ஒரு வார்த்தை. அதனால் விளையாட்டில் ஒரு பயனும் இல்லை. சண்டையில் குறுக்கே வந்து நிற்கும், இல்லாவிட்டால் புல் மேயும். ஆனால் இப்போது வரும் கடிதங்களில் பாதி அதன் நலம் விசாரித்துத்தான். நம் இருவரையும் யாரும் இப்படி விசாரித்ததில்லை.

ஒரு தப்பையும் ஒப்புக்கொள்கிறேன். ஆரம்பத்தில் சில வாரம், வளர்மதி எது சொன்னாலும் “சரிதான்மா” என்று தலையாட்டினேன். கணவனை இழந்தவளோடு எப்படி எதிர்வாதம் செய்வது? கோட்டைக் கதவை அவள் தவறான பக்கம் தள்ளியபோதுகூடச் சரி என்றேன். மூன்றாம் வாரம் பதிவின் நடுவே நிறுத்திவிட்டாள். “அண்ணா, அவியகூட இப்படியா பேசுவீங்க? என்னப் பாவம் பாக்கறதா இருந்தா நான் அடுத்த வாரம் வாரல. ஊர்ல அதுக்கு நெறைய ஆளு இருக்கறாங்க.”

எனக்குச் சுருக்கென்று இருந்தது. அன்றைக்கே கதவு விஷயத்தில் அவள் தவறு என்றேன். இருபது நிமிடம் வாதாடினாள். அவள் முகத்தில் அவ்வளவு தெளிச்சியை நீ போனதிலிருந்து நான் பார்த்ததில்லை.

வரும் ஞாயிறு ஏழாம் பாகம் ஆரம்பிக்கிறோம். ஆற்றோரப் பாதையில் போக வேண்டும் என்கிறாள். காட்டுப் பாதைதான் சரி. உனக்கு ஒரு சத்தியம் செய்து தருகிறேன், மச்சான். நீ இல்லை என்பதற்காக ஒரு ஞாயிறுகூட அவளிடம் தோற்பதுபோல் நடிக்க மாட்டேன். தப்பென்றால் தப்பென்று, மைக் முன்னால், முகத்துக்கு நேராகச் சொல்வேன். அவள் கத்தினால் நானும் கத்துவேன். முடிந்ததும் கீழே போய் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம்.

உன் மனைவி வாய் நிறைய அண்ணா என்று கூப்பிட்டதால் உனக்கு மச்சானாகிப்போன,
சாதிக்