கச்சேரி முடியட்டும்

2024 ஜூன் 14, வெள்ளி

நெடுந்தீவுக் கோவில் கச்சேரிக்கு நோட்டீஸ் வந்துவிட்டது. ‘தனி வயலின்: வேலணை கோபிகா.’ இருபது வருடமாகப் பாட்டுக்காரர்களின் பின்னால் வில்லை இழுத்துக்கொண்டு போனவளின் பெயர் முதல் தடவையாக மேலே. மிருதங்கம் தயாபரன் அண்ணை. தன் பெயர் கீழே வந்ததில் ஒரு குறையும் இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அப்படியென்றால் இருக்கிறது.

அம்மாவுக்கு இரவு மூச்சு முட்டி இழுத்தது. நெடுந்தீவுக்குப் போகவா, விடவா? “நான் என்ன சாகவா போறன்? போட்டு வா” என்று எரிந்து விழுந்தார். தங்கை பிரியவதனி பக்கத்தில் இருப்பாள்.

ஜூன் 16, ஞாயிறு

நெடுந்தீவுக் கோவில் மடத்தில் இருந்து எழுதுகிறேன். இப்போதுதான் கச்சேரி முடிந்தது. விரல் நுனி இன்னும் சுடுகிறது.

நன்றாக வாசித்தேன். வேறு யார் எழுதப் போகிறார்கள், நானே எழுதி வைக்கிறேன். தோடி நான் நினைத்த இடமெல்லாம் போனது. சனம் அசையவில்லை. எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் கரம்பொன் சவிரிமுத்து அண்ணைகூட வந்திருந்தார். வேதக்காரர், மாதா கோவில் ஆள்; எங்கள் கோவிலுக்குள் வரவில்லை. வெளி வீதியில் பூவரசின் கீழ் கடைசி மட்டும் நின்றார். இவ்வளவு தூரம் வள்ளம் ஓட்டி என் வயலினைக் கேட்க வந்திருக்கிறார். அவரைப் பார்த்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வெட்கமாக்கும்.

தயாபரன் அண்ணையோடுதான் கோபம். மிருதங்கம் மட்டும் தனியே முழங்கும் இடம், தனி ஆவர்த்தனம். அதை ஒருநாளும் சுருக்காத மனுசன் இன்றைக்கு இரண்டு தட்டுத் தட்டி முடித்துவிட்டார். பெயர் கீழே போன கோபம், வேறென்ன. இப்போது என்னிடம் சாப்பிடும், சாப்பிடும் என்று நிற்கிறார். சவிரிமுத்து அண்ணையின் வள்ளத்தில் உடனே வெளிக்கிட வேண்டுமாம். என்ன அவசரமோ.

சோறு வந்துவிட்டது.

ஜூன் 19

அம்மா இல்லை.

ஜூன் 23

என்னைச் சாப்பிட வைத்த பிறகுதான் கூட்டிப் போனார்கள். எங்கள் வாசல் படலையடியில் சனத்தைக் கண்டபோது விளங்கியது.

நான் வாசிக்கப் போக முன்னமே அம்மா போய்விட்டார், கச்சேரிக்காக என்னிடம் மறைத்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். செத்தவீட்டுத் துடக்கோடு கோவிலில் வாசிக்க ஏலாது. ஆனால் செய்தி காதில் விழுந்தால்தான் தீட்டு. நானும் வேறொருவருக்கு இப்படித்தான் செய்திருப்பேன். பொறுத்துக்கொள்கிறேன்.

ஜூன் 27

நான் கேட்கவில்லை. தேங்காய் துருவிக்கொண்டிருந்த பிரியவதனி தானாகவே சொன்னாள்.

“அக்காவைக் கூட்டிவர வள்ளம் போட்டுது, இப்ப வந்திடுவா எண்டு அம்மாட்டச் சொல்லிக்கொண்டே இருந்தனான். படலையையே பாத்துக்கொண்டு கிடந்தவ. விளக்கு வைச்சாப் பிறகுதான்…”

வள்ளம் எப்போது போனது?

“நாலு மணி போல. உங்கட போன் நிப்பாட்டிக் கிடந்தது.”

அப்படியென்றால் கச்சேரி தொடங்க முன்னமே வள்ளம் நெடுந்தீவில். அம்மா வீட்டில், உயிரோடு. நான் தோடி வாசித்துக்கொண்டு—

ஜூன் 30

துடக்கோடு வெளியே போகக்கூடாது என்றார்கள். போனேன். கரம்பொன்னில் சவிரிமுத்து அண்ணை கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பினார்.

“உங்கட மிருதங்க அண்ணையிட்டச் சொன்னனான் தங்கச்சி. அம்மாவுக்குக் கடுமை, உடன கூட்டிக்கொண்டு வரட்டாம் எண்டு. விளங்குது, கச்சேரி முடியட்டும் எண்டார். அதுக்குமேல நான் எப்பிடி மேடைக்கு வாறது? அது உங்கட கோவில்.”

விளங்குதாம். என்ன விளங்கியது? இங்கே ஒருவரும் செத்ததைச் செத்தது என்று சொல்லி அனுப்புவதில்லை. ‘கடுமை, வரட்டாம்’ என்றுதான் ஆள் வரும். கேட்கிறவர் மேலே ஒன்றும் கேட்கமாட்டார். அம்மாவுக்கு உண்மையாகவே கடுமை. அதை யார் நம்பியது? இருக்கிறாவோ எண்டு ஒரு கேள்வி, தயாபரன் அண்ணை. ஒரே ஒரு கேள்வி. அதைக் கேக்க ஏலாமப் போச்சே உங்களுக்கு.

ஜூலை 16

அம்மாவின் அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள். தயாபரன் அண்ணை வந்தார். அவருடைய இலைக்கு நானே சோறு போட்டேன். அவர் நிமிரவில்லை.

“அம்மா போட்டா எண்டுதான் பிள்ளை நினைச்சனான். இனி என்ன, உம்மட முதல் கச்சேரியையும் ஏன் கெடுப்பான் எண்டு… நேரத்தோட போகட்டும் எண்டுதான் தனியையும் கெதியா முடிச்சனான்.”

சோற்றுக்கு முன்னால் இருந்து அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. அவரைக் கொல்லலாம் போல இருந்தது. “இன்னும் கொஞ்சம் போடட்டோ அண்ணை?” என்று கேட்டேன்.

ஆகஸ்ட் 9

அந்தத் தோடியை யாரோ யூடியூப்பில் போட்டிருக்கிறார்கள். தெய்வீகம் என்று கீழே எழுதியிருக்கிறார்கள். திறக்கவில்லை.

2025 ஜனவரி 26

மண்கும்பானில் கச்சேரி. தயாபரன் அண்ணைதான் மிருதங்கம். வேறு ஆளைக் கேட்டால் ஏன் என்று சொல்ல வேண்டிவரும்.

தோடியைத் தொடவில்லை. தனியை அவர் முழுதாக வாசித்தார். முன்பென்றால் முடிக்கிற இடத்தில் அவருடைய கண்ணைப் பார்ப்பேன். இன்றைக்கு நிலத்தைப் பார்த்துக்கொண்டு தாளம் போட்டேன். இரண்டு பேரும் சரியாகவே வந்து சேர்ந்தோம். சனத்துக்கு ஒன்றும் தெரியவில்லை, கை தட்டினார்கள்.

முடிந்ததும் வயலினைப் பெட்டியில் வைக்க முன்னமே அவரிடம் கேட்டேன். “அண்ணை, எனக்கு ஏதும் செய்தி வந்ததோ?”

மிருதங்கத்துக்கு உறை போட்டுக்கொண்டிருந்த கை நின்றது. “இல்லைப் பிள்ளை. சத்தியமா இல்லை.”

எழும்பிப் போய் மைக்செட்காரனிடமும் கேட்டேன்.