சங்கிலியின் பங்குக்கு ஒரு சின்ன அடி

அன்பு மாப்ள சங்கிலி,

இதனால் தேயிலைத் தோட்டத்துச் சகல லயத்து மக்களுக்கும், குறிப்பாக மண்ணுக்குள் படுத்திருக்கும் உனக்கும் அறிவிப்பது என்னவென்றால், உன் வெள்ளாடு என் காக்கி நிக்கரின் ஒரு காலைத் தின்றுவிட்டது. மிச்சக் காலோடுதான் இதை எழுதுகிறேன். இன்னொரு சேதி, நம்ம மலை இப்போது கேரளாவாம். மழைக்கு யாரும் சொல்லவில்லை போல, பழைய மாதிரியேதான் பெய்கிறது.

பெரிய சேதிக்கு வருகிறேன். சின்ன அடி எனக்குக் கைவந்துவிட்டது.

சிரிக்காதே. பந்தைத் தூரமாக விரட்டும் பெரிய அடி எனக்கு, கிரீன் என்கிற வெட்டின புல்தரைப் பக்கம் வந்ததும் மெல்லத் தூக்கிக் குழி ஓரமாக வைக்கும் சின்ன அடி உனக்கு, வீட்டில் விழும் அடி ரெண்டு பேருக்கும் என்றுதானே பிரித்து வைத்திருந்தோம்? கோல்ஃப் ஆடும் துரைமாருக்கு மட்டைப் பை சுமக்கிற எல்லோருக்கும் கேடி என்றுதான் பேர். ஊருக்குள் அந்தப் பேருக்குப் பொருத்தமானவன் நான் ஒருத்தன்தான். நீ எந்தக் கேட்டுக்கும் போகாதவன்.

ஆடி மாசம் கடைசிக் கிரீனுக்கு முன்னால் இருக்கிற ஓடையில் துரையின் பந்து விழுந்தது. எடுத்து வா என்றுகூட அவர் சொல்லவில்லை. பந்து தொலைந்தால் மேஸ்திரி அடுத்த வாரம் பை தரமாட்டார் என்று நீயாகத்தான் இறங்கினாய். துரை வேறு பந்து போட்டு ஆடினார். நான் கத்தியது, அந்தப் பந்து குழியில் விழுந்த பிறகுதான் அவர்கள் காதில் விழுந்தது. அதற்குள் தண்ணீர் உன்னை எவ்வளவு தூரம் கொண்டுபோயிருக்கும்?

உன் தலைமாட்டில் உன் அம்மா, என் அத்தை, ஒரு கல் நட்டாள். அடுத்த மழை அதையும் உருட்டிக்கொண்டு போய்விட்டது. "எம்புள்ள பேரு எங்கயாச்சும் இருக்கணும்டா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கேடிகள் பந்தயத்தில் ஜெயிக்கிற ஜோடியின் பேரை ஷெட்டுப் பலகையில் பெயிண்டில் எழுதுவார்களே, அது எனக்கு ஞாபகம் வந்தது.

மேஸ்திரியிடம் போனேன். "ஜோடி யாருடா?" என்றார்.

"சங்கிலிதான்."

"செத்தவன் எப்படிடா ஆடுவான்?"

"பந்து பொறுக்கப் போனவன் இன்னும் வரலை, அவ்வளவுதானே மேஸ்திரி? அவன் பங்கையும் நானே அடிக்கிறேன்."

அவர் வெற்றிலையை மென்றுகொண்டே கொஞ்ச நேரம் ஓடைப் பக்கம் பார்த்தார். "அடி போ" என்றார்.

உடைந்த மட்டைத் தலையைக் காப்பிக் கம்பில் கட்டி வைத்திருந்தாயே, அதை எடுத்தேன். லயத்து வாசலில் அத்தையின் கொழுந்துக் கூடையைச் சாய்த்து வைத்துப் பழகினேன். முதலில் பந்து கூடையைத் தவிர எல்லா இடத்துக்கும் போனது. ஒரு கோழி இன்னும் நொண்டுகிறது. வேலை முடிந்து வந்த அத்தை பார்த்துவிட்டு, "ஏண்டா புடுங்குற? கொழுந்து கிள்ளுற மாதிரி கிள்ளு. அவன் கை அப்படித்தான் போகும்" என்றாள். சொன்ன பிறகு உள்ளே போனவள், இருட்டியும் விளக்கு ஏற்றவில்லை.

அப்புறம் கிள்ளினேன். பந்து சத்தமில்லாமல் போய்க் கூடைக்குள் உட்கார்ந்தது. துரைமார்கூட இப்படி அடித்து நான் பார்த்ததில்லை.

பந்தயத்தன்று கடைசிக் கிரீன் வரைக்கும் தோட்டத்து மேல் டிவிஷன் ஜோடியும் நாமும் சமம். நம் பந்து ஓடைக்கு இந்தப் பக்கம், குழி அந்தப் பக்கம். பாக்கி இருந்தது உன் அடி. அடித்தேன். அந்த அடியைப் பற்றி மேஸ்திரி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்.

நேற்று சாயங்காலம் அத்தை கை கால் கழுவிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தாள். புதுப் பெயிண்டை ஒரு விரலால் மெல்லத் தொட்டாள்.

"இதுதானா சங்கிலி?"

"அதுதான் அத்தை."

"பக்கத்துல?"

"நான்தான்."

கொண்டு வந்திருந்த குங்குமத்தை அந்த எழுத்துக்கு மேல் வைத்துவிட்டு, ரொம்ப நேரம் நின்றாள்.

மாப்ள, அது உன் பேர் இல்லை. மேல் டிவிஷன்காரன் பேர். அத்தைக்கு எழுத்துத் தெரியாது.

பந்தயத்தன்று அந்தக் கடைசி அடிக்கு ஓடைக்கரையில் குனிந்து நின்றபோது தண்ணீர்ச் சத்தம் கேட்டது. கை இறுகிவிட்டது. கிள்ளவில்லை, பிடுங்கிவிட்டேன். பந்து கிரீனைத் தாண்டித் தேயிலைக்குள் போய்விட்டது. கூடைக்கு முன்னால் நான் பெரிய வீரன்தான். வாசலில் ஓடை இல்லையே.

இனிமேல் கூடை வேண்டாம். அந்தக் கரையிலேயே நின்று, அந்தத் தண்ணீருக்கு மேலேயே பழகப் போகிறேன். அடுத்த பந்தயத்தில் உன் பேர் பலகையில் ஏறும். அது வரைக்கும், படிப்பகத்துக் கையெழுத்துப் பத்திரிகையில் இதை வாசிக்கிற யாரும் தயவுசெய்து எங்கள் அத்தைக்கு வாசித்துக் காட்டிவிடாதீர்கள்.

உன் அடியைக் கெடுத்த மச்சான்,
முத்துக்காளை