அப்பாவுக்காகப் பேசிய வேன்

மார்ச் 14, இரவு.

கேமரன் மலைக்கு அப்பா இருபது வருடம் காய்கறி லாரி ஓட்டினார். ஒரு இரவுகூட அங்கே தங்கியதில்லை. அதற்காகவே ஜுரு டவுனில் படுக்கை வைத்த வேன் ஒன்றை வாடகைக்குப் பேசினேன். அவருடைய ஆக்சிஜன் மிஷினுக்குப் பேட்டரிக் கணக்கெல்லாம் போட்டேன். மலையின் உயரத்தை யோசிக்கவில்லை. மேலே அவருக்கு மூச்சு போதாது, போகவே கூடாது என்று டாக்டர் இன்று சொல்லிவிட்டார்.

சாயங்காலம் அப்பாவிடம் அப்படியே சொன்னேன்.

"அவருக்கு என்னா தெரியும் லா? மிஷின் இல்லாமலே இருக்கேன், பாரு!" மூக்குக் குழாயைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

அவர் விரலில் ஆக்சிஜன் மீட்டரை மாட்டி எண்களை வாசித்தேன். தொண்ணூறு. எண்பத்தேழு. எண்பத்து நாலு.

"போதும்டா, வாசிக்காத." குழாயை அவரே மாட்டிக்கொண்டார்.

நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் டெஸ்ட் ரிசல்ட் வாசிப்பதுபோல் வாசித்திருக்கிறேன். எந்த எண்ணில் அவர் சிரிப்பு நின்றது என்று பார்க்கவில்லை.