காது கேட்காத வெள்ளைக் குட்டியும் என் படிப்புக் கடனும்

12 ஜூன், வியாழன்

காலையிலிருந்தே காற்று. பஸ் ஸ்டாண்டில் கண்ணைத் திறக்க முடியவில்லை, அவ்வளவு மண். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் வரை நின்றுகொண்டே பயணம்.

வங்கியிலிருந்து போன். படிப்புக் கடன், இரண்டு தவணை பாக்கி. மூன்றாவதும் நின்றால் ஜாமீன் போட்டவருக்கு நோட்டீஸ் போகுமாம். ஜாமீன் போட்டவர் அப்பா. பேசிய பெண் ஒவ்வொரு வாக்கியத்தையும் "மேடம்" என்றே முடித்தாள். இத்தனை மரியாதையாக யாரும் என்னை மிரட்டியதில்லை.

நாய்ப் பண்ணைச் சம்பளம் பன்னிரண்டாயிரம். தவணை ஏழாயிரத்துச் சொச்சம். பஸ். வீட்டுக்கு அரிசி. அப்பாவின் சர்க்கரை மாத்திரை. இதற்குமேல் எழுத வேண்டியதில்லை, சிரிப்புத்தான் வருகிறது.

அனிமல் சயின்ஸ். வெளிமாநிலத்தில் தனியார் கல்லூரி, நாலு வருஷம். சேர்த்துவிட்ட ஏஜெண்ட் அப்பாவிடம் சொன்னது: "மாட்டு டாக்டர் படிப்பு மாதிரியேதான் அண்ணாச்சி." அந்த 'மாதிரி'க்கு நாலரை லட்சம். ஊசி போடக் கூடாது, மருந்து எழுதக் கூடாது, போர்டு மாட்டக் கூடாது. அது தெரிந்தபோது இரண்டு வருஷம் முடிந்திருந்தது. அப்பாவுக்கு இன்றுவரை முழுதாகத் தெரியாது.

சாயங்காலம் வீட்டுப் பக்கம், மடவார் வளாகத்தில் இறங்கினால் எதிர்வீட்டு அக்கா: "டாக்டரம்மா, எங்க ஆடு ரெண்டு நாளா கழியுது, செத்த வந்து பாரேன்." அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க என்றேன். "படிச்ச திமிரு" என்று முதுகுக்குப் பின்னால் கேட்டது.

14 ஜூன், சனி

குட்டிகளுக்கு நாற்பது நாள். ஆறு. நாலு சுத்த வெள்ளை, இரண்டுக்குக் காதோரம் பழுப்புப் புள்ளி. ராஜபாளையம் நாய் என்றால் பால் வெள்ளை வேண்டும், மூக்கு ரோஸ் நிறம் வேண்டும். புள்ளி விழுந்தால் பாதி விலை, அதிலும் முகம் சுளிப்பு.

தூங்கும்போது பின்னால் நின்று எவர்சில்வர் மூடியைத் தரையில் போட்டேன். ஐந்தும் துள்ளி எழுந்தன. ஒரு வெள்ளை மட்டும் அப்படியே தூங்கியது. மறுபடி போட்டேன். சாவிக்கொத்து. கைதட்டல். ஒன்றுமில்லை. எழுந்த குட்டிகளில் ஒன்று இதன்மேல் மிதித்த பிறகுதான் விழித்தது. என்னைப் பார்த்து வாலை ஆட்டியது, பாவம்.

பிறவியிலேயே செவிடு. உடம்பு முழுக்க நிறமில்லாத நாய்களில் சிலதுக்கு இப்படி ஆகும். இது எனக்குப் படித்ததால் தெரியும்.

முதலாளியிடம் (இனிமேல் மு.) சொன்னேன். தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"வேற யாருக்கும் தெரியுமா?"

"இல்ல."

"அப்ப விடு. குட்டி நல்லாருக்குன்னு பேப்பர்ல கையெழுத்துப் போடு. ஒரு குட்டிக்கு மூவாயிரம் தாரேன்."

"நான் டாக்டர் இல்லையே."

"அது எனக்குத் தெரியும். வாங்க வாரவனுக்குத் தெரியாதுல்ல?"

முடியாது என்றேன். கோபப்படவில்லை மனுஷன். "சரி, செவிடுன்னு எழுது. யாரு வாங்குவா? சும்மா வச்சுச் சோறு போட இது என்ன சத்திரமா? பிளவக்கல் காட்டுப் பக்கம் கொண்டு போய் விட்ருவேன். நரி பாத்துக்கிடும்." பிறகு உள்ளே பார்த்து மனைவியிடம் தெலுங்கில் என்னவோ சொன்னார். உள்ளே சிரிப்புச் சத்தம்.

15 ஜூன், ஞாயிறு

லீவு. தலைக்குக் குளித்தேன். வெயில் இல்லை, மலைப்பக்கம் மூட்டம்.

அப்பா இன்றும் வேலைக்குப் போனார். பால்கோவா கிண்டும் கைக்கு ஞாயிறு ஏது. மத்தியானம் சாப்பிட வந்தவரின் முன்னங்கையில் புதுக் கொப்புளம். தெறித்துவிட்டதாம். "இது என்ன, கொசு கடிச்ச மாதிரி" என்றார்.

வங்கி போன் அவருக்கும் போயிருக்கிறது. அம்மாதான் சொன்னாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை அவர். மாறாக, "கடையில அட்வான்ஸ் கேட்ருக்கேம்மா. நீ மண்டையப் போட்டு ஒடச்சுக்கிடாத. டாக்டருக்குப் படிச்ச புள்ள, இன்னும் ஒரு வருசத்துல எங்கயோ போயிருவ."

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

அம்மா: "ஏட்டி, மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்க? அந்த மனுசன் கெடந்து வேகுதாரு. சிரிச்சுத்தான் பேசேன்."

18 ஜூன், புதன்

சோப்பு வாங்க வேண்டும். குடை கம்பி உடைந்துவிட்டது.

கையெழுத்துப் போட்டேன். ஆறு பேப்பரும். பெயருக்கு முன்னால் "டாக்டர்" என்று மு. ஏற்கெனவே அச்சடித்து வைத்திருந்தார்.

நரிக்குப் போவதைவிட ஒரு வீட்டுக்குப் போவது மேல் என்று பஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தேன். உண்மையும்தான். ஆனால் நான் போட்டது அதற்காகவா, பதினெட்டாயிரத்துக்காகவா? யாரை ஏமாற்ற?

நாலு வருஷம் படித்ததில் இந்தப் பண்ணையில் எனக்கு மட்டும் தெரிந்த விஷயம் ஒன்றே ஒன்று. அதை வெளியே சொல்லாமல் இருப்பதற்குத்தான் எனக்குக் காசு.

20 ஜூன், வெள்ளி

மகாராஜபுரத்திலிருந்து ஒரு பெரியவர். ரிட்டையரான கண்டக்டராம். கூடப் பேத்தி, ஆறேழு வயது, முன்பல் இல்லை. வீடு ரோட்டோரம், பின்னால் தென்னந்தோப்பு, காவலுக்கு நாய் வேண்டும்.

புள்ளிக்குட்டியைக் காட்டினேன். நல்ல சுறுசுறுப்பு, இதை எடுங்க தாத்தா என்றேன். "புள்ளி வேண்டாம்மா. கலப்படத்த வாங்கிட்டு வந்துருக்காம் பாருன்னு ஊருக்குள்ள எல்லாரும் சிரிப்பாக."

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு லாரி. ஹாரனைப் பிடித்து அழுத்திக்கொண்டே இருந்தான் படுபாவி. குட்டியெல்லாம் சிதறிக் கட்டிலுக்கு அடியில். அந்தச் செவிட்டு வெள்ளை மட்டும் நடுவில் உட்கார்ந்து பேத்தியின் செருப்பை முகர்ந்துகொண்டிருந்தது.

பெரியவருக்கு முகமெல்லாம் பூரிப்பு. "பாத்தீகளா! எம்புட்டு தைரியம்! அசையலையே! இதாம்மா எனக்கு வேணும்."

மு. என்னைப் பார்த்தார். பெரியவரும் என்னைத்தான் பார்த்தார். "டாக்டரம்மா, நீங்க சொல்லுங்க. எடுக்கலாமா?"

எடுக்கலாம் என்றேன்.

மடியில் வைத்துக்கொண்டு போனாள் பிள்ளை. ஆட்டோ ஏறுவதற்குள் பெயர் வைத்துவிட்டாள். பஞ்சு.

24 ஜூன், செவ்வாய்

சாரல். துணி காயவில்லை.

பெரியவர் போன் செய்தார். புகார் என்று நினைத்தேன். இல்லை, பெருமை பேசத்தான். "ரொம்ப ராங்கி பிடிச்சதும்மா. தொண்டை வத்தக் கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்காது. தட்டக் காட்டுனா மட்டும் ஓடி வருது. ராஜபாளையம்னா அப்படித்தானே?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். ரோட்டுப் பக்கம் விடாதீங்க, கட்டி வையுங்க என்றேன். "ஆகட்டும்மா, பாப்பாதான் கட்ட விட மாட்டேங்கா" என்று சிரித்தார்.

27 ஜூன், வெள்ளி

ஆறில் ஐந்து போய்விட்டன. மு. எண்ணித் தந்தார். நேரே வங்கிக்கு. இரண்டு தவணையும் கட்டியாயிற்று. "தேங்க்யூ மேடம்."

அப்பா கடையில் கேட்ட அட்வான்ஸை வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். ராத்திரி கால் கிலோ பால்கோவா. ஆயுசு முழுக்கக் கிண்டுகிறவர் காசு கொடுத்து வாங்கி வந்திருக்கிறார். "எம் மக சம்பாத்தியத்துக்கு" என்று முதல் வாய் எனக்கு ஊட்டினார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த வாய்க்கு அவர் கையை மறித்தேன். இனிப்பு ஜாஸ்தி என்று சொல்லிச் சமாளித்தேன்.

இன்று எல்லோரும் சந்தோஷமாகப் படுத்தார்கள். நான் மட்டும் முழித்துக் கிடந்தேன்.

1 ஜூலை, செவ்வாய்

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. ஜன்னலோரம்.

பதினோரு மணி போல பெரியவர் போன். குரலே சரியில்லை. பஞ்சு செத்துவிட்டது. நேற்றுச் சாயங்காலம். வாசலில் ரோட்டு ஓரம் படுத்திருந்திருக்கிறது, பால் வண்டி.

"ஆரன் அடிச்சுக்கிட்டேதாம்மா வந்துருக்கான். நான் உள்ள இருந்து கேட்டேன். அது நவுரவே இல்ல. அம்புட்டு தைரியம் அதுக்கு. அந்தத் தைரியந்தான் எமனாப் போச்சு."

அவரே மேலே பேசினார்.

"ஒங்க மேல ஒரு கொறையும் இல்லம்மா. நல்ல குட்டியாத்தான் பாத்துக் குடுத்தீக. பாப்பா ராவெல்லாம் அழுதா, கஞ்சி கூடக் குடிக்கல. அதே தாய் போட்ட குட்டி ஏதும் இருந்தா நீங்களே பாத்து ஒண்ணு எடுத்து வைங்க. ரூவா முன்னப்பின்ன ஆனாலும் சரி. நீங்க சொன்னா போதும்."

மிச்சமிருப்பது புள்ளிக்குட்டி ஒன்றுதான். அதைத் தந்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மு. பக்கத்தில்தான் நின்றார். யாரு என்று கையால் கேட்டார்.

தாத்தா, அது தைரியம் இல்லை, அதற்குக் காது கேட்காது என்றேன். பிறவியிலிருந்தே. எனக்கு முதலிலேயே தெரியும். தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன். நான் டாக்டரும் இல்லை.

மு. போனைப் பிடுங்க வந்தார். நான் வாசலுக்கு நடந்தேன்.

திட்டுவார் என்று நின்றேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். போனில், அவர் வீட்டு ரோட்டில் வண்டி போவது மட்டும் கேட்டது. பிறகு மெதுவாக, பிள்ளை காதில் விழக்கூடாது என்பதுபோல:

"அப்ப இத்தன நாளா எம் பேத்தி பஞ்சு பஞ்சுன்னு கூப்பிட்டாளே. ஒரு தடவ கூடவா அதுக்குக் கேக்கல?"

கேட்டிருக்காது என்றேன்.