பத்து மாத்திரையும் ஒரு கத்தரிக்கோலும்

2025 ஆகஸ்ட் 4, திங்கள்

"டீச்சர், இதயத்துக்கு லீவே கிடையாதா?"

ஏழாம் வகுப்பில் பாண்டிமீனா ஒருநாள் கேட்டாள். இருபது வருடத்துக்கு மேல் இருக்கும். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே சின்ன இடைவேளை உண்டு, அதுதான் அதற்கு லீவு என்றேன். "அம்புட்டுத்தானா? பாவம்!" என்று உட்கார்ந்துகொண்டாள்.

இன்று அதே பாண்டிமீனா தோளில் பையோடு என் வீட்டு வாசலில். ஏழாயிரம்பண்ணையில் வீடு வீடாகப் போய் பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கும் வேலை அவளுக்கு. என் மணிக்கட்டைப் பிடித்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணினாள். ஐம்பத்தெட்டு.

"ஒங்க இதயத்துக்கு இப்ப லீவு கொஞ்சம் கூடக் கெடைக்கு டீச்சர். அம்பதுக்குக் கீழ போனாலோ, எந்திரிக்கையில தல சுத்துனாலோ ஒடனே சொல்லணும்."

மார்ச் மாதம் படபடப்பும் பிரஷரும் சேர்ந்து வந்ததால் சாத்தூர் டாக்டரம்மா எழுதிக் கொடுத்த மாத்திரை இது. அட்டெனலால். பீட்டா பிளாக்கர் என்கிற வகையாம். இதயத்தை நிதானமாக நடக்கச் சொல்லும், பிரஷர் இறங்கும். தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டும், நாமாக நிறுத்தக் கூடாது. பாண்டிமீனா ஒவ்வொன்றையும் என்னைத் திருப்பிச் சொல்ல வைத்தாள். யாரிடம் கற்றுக்கொண்டாளோ!

ஒரே குறை, கால் சில்லென்று இருக்கிறது. படுக்கையில் என் கால் பட்டதும் இவர் துள்ளி எழுந்தார். "டீச்சரம்மா, ஐஸ் பெட்டியில இருந்தா வாரீக?"

ஆகஸ்ட் 11, திங்கள்

நேற்று காலை மாத்திரை போட மறந்துவிட்டேன். இன்று இரண்டாகப் போடட்டுமா என்று பாண்டிமீனாவுக்குப் போன் போட்டேன். "டீச்சர், நேத்து பள்ளிக்கூடம் வராத பிள்ளைக்கு இன்னைக்கு ரெண்டு அட்டென்டன்ஸ் போடுவீகளா?" என்றாள். ஒன்றுதான் போட்டேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இன்றும் பிரஷர் 124/78. மூன்று மாதமாக ஒரு நாள்கூட 130-ஐத் தாண்டவில்லை. முப்பத்துநான்கு வருடம் பேப்பர் திருத்தியவளுக்கு இது புரியாதா? பாஸ். பாஸான பிள்ளைக்கு எதற்கு டியூஷன்? காலும் சூடாகும், மாடிப்படி ஏறும்போது வரும் அசதியும் போகும். நாளையிலிருந்து மாத்திரை இல்லை. இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் கேள்வி கேட்பார்.

சாயங்காலம் எதிர்வீட்டு வேலுத்தாய் வந்தாள். பட்டாசுக் கம்பெனி வேன் இறக்கிவிட்டதும் நேராக இங்கேதான் வருவாள். ஒரு டம்ளர் காபி, ஊர்க்கதை, பிறகுதான் அவள் வீடு. ஞாயிற்றுக்கிழமை மருத்துவ முகாமில் பிரஷர் பார்த்தார்களாம், 168/100. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்களாம்.

"போக வேண்டியதுதான?" என்றேன்.

"தீவாளி ஆர்டர் தலைக்கு மேல கெடக்கு. சீசன்ல லீவுன்னு கேட்டா மேனேஜரு என்னயவே வெடிச்சுப் பாத்துருவாரு. ஒங்ககிட்ட பிரசர் மாத்திர இருக்குல்ல டீச்சர்? அதுல ரெண்டு தாங்க, சீசன் முடியட்டும்."

என்னிடம் மிச்சம். அவளுக்குத் தேவை. கணக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது. கத்தரிக்கோலை எடுத்து அட்டையிலிருந்து பத்து மாத்திரையை வெட்டிக் கொடுத்தேன். காலையில் ஒன்று, சாப்பிட்ட பிறகு, ஒருநாளும் விடக் கூடாது என்று கரும்பலகையில் எழுதுகிற மாதிரி தெளிவாகச் சொன்னேன்.

சிரித்துக்கொண்டே படியிறங்கினாள். அவள் நெஞ்சில் விசில் சத்தம். "ஏ வேலுத்தாயி, விசில் ராக்கெட்டு எதையும் முழுங்கிட்டியா?" என்றேன். "ஆமா, கம்பெனியில இலவசமாக் குடுத்தாக" என்றாள். இருவரும் சிரித்தோம்.

ஆகஸ்ட் 20, புதன்

மாத்திரை போடவில்லை. ஒன்றும் ஆகவில்லை. நான் சொன்னேனே!

ஆகஸ்ட் 22, வெள்ளி

காலையிலிருந்து நெஞ்சுக்குள் யாரோ ஓடிக்கொண்டே இருக்கிறார்கள். நாடி 108. உட்கார்ந்தாலும் 108. "பக்கத்துல என்ன கொட்டுச் சத்தம்?" என்றார் இவர், என் முகத்தைப் பார்த்தபடி. காபி கூடிப்போச்சு என்றேன்.

வேலுத்தாய் இன்று வேனில் ஏறவில்லை. வேன் இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டுப் போனது. சாயங்காலம் காபிக்கும் வரவில்லை. ஒருவேளை உறவுக்காரர் வீட்டு விசேஷமோ?

ஆகஸ்ட் 23, சனி

இன்று எழுத்து கோணலாகத்தான் வரும்.

வேலுத்தாய் வீட்டுக்காரர் தங்கச்சாமி காலை எட்டு மணிக்கு வந்து நின்றார். மூச்சுவிட முடியாமல் விடியற்காலையில் சாத்தூர் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கொண்டுபோனார்களாம். நானும் இவரும் அடுத்த பஸ்ஸைப் பிடித்தோம். பஸ்ஸில் என் நெஞ்சு அடித்த அடியில் டிக்கெட் கொடுத்த பையன் என்ன சொன்னான் என்றே கேட்கவில்லை.

மூக்கில் மருந்துப் புகை வரும் மாஸ்க்கோடு படுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அதை விலக்கி, "டீச்சர், காபி எங்க?" என்றாள். அந்த நாலு வார்த்தைக்கே மூச்சு வாங்கியது. நாலா? மூன்று. எண்ணக்கூட வரவில்லை எனக்கு.

அவளுக்குப் பத்து வருடமாக ஆஸ்துமாவாம். சேலை மடிப்பில் இன்ஹேலர் பம்ப்பு வைத்திருப்பாளாம். தெரிந்தால் கம்பெனியில் நிறுத்திவிடுவார்கள் என்று யாரிடமும் மூச்சு விட்டதில்லை. என்னிடமும்தான்.

நான் மெல்லக் கேட்டேன். "மாத்திரை போட்டதை டாக்டர்கிட்ட சொன்னியா?"

கண்ணைச் சிமிட்டினாள். "சொல்லுவனா? கம்பெனி வெடிமருந்துத் தூசின்னு சொல்லிட்டேன். ஒங்க பேரு வெளிய வரலாமா?"

"இன்னைக்குப் போட்டியா?"

"விடியக்கால ஆட்டோவுல போட்டேன். நீங்கதான ஒருநாளும் விடக்கூடாதுன்னு சொன்னீக." சுருக்குப்பையைத் தொட்டுக் காட்டினாள். மிச்சம் அதில் பத்திரமாக இருந்தது.

அய்யோ, என்னத்தச் செஞ்சு வச்சிருக்கேன் நான்! அவ மூச்சுக்கு நான் விசில்னு பேரு வச்சேன். சுவாசப் பாடம் எத்தன வருஷம் நடத்துனவ! அந்தச் சத்தம் என்னன்னு ஒரு கேள்வி கேக்கத் தெரியலையே.

இவரைப் பார்த்தேன். எல்லாம் கேட்டிருந்தார். எனக்கு மாத்திரை எழுதிய அதே டாக்டரம்மா இருந்த அறைக்கும் இந்தக் கட்டிலுக்கும் இருபது அடி இருக்கும். போகாமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. நிஜமாகவே தோன்றியது. இங்கே பொய் எழுதி என்ன பயன்?

போனேன். "அவ போட்ட மாத்திரை நான் குடுத்தது" என்றேன்.

"என்ன மாத்திரை?" என்றார். அவள் சுருக்குப்பையிலிருந்து வாங்கி வந்த அட்டைத் துண்டைக் காட்டினேன். பெயர் இருந்த பக்கம் என் வீட்டு அலமாரியில் கிடக்கிறது. என் கத்தரிக்கோலின் வேலை. பெயரை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "இந்த வகை மாத்திரை ஆஸ்துமா உள்ளவங்களுக்கு மூச்சுக்குழாயை இறுக்கிடலாம்மா. சொல்லலேன்னா தூசின்னே நினைச்சிருப்போம், அவங்க தினம் போட்டுக்கிட்டே இருந்திருப்பாங்க. சுகர் உள்ளவங்களுக்கும் கவனமாத்தான் கொடுப்போம். சுகர் இறங்குறப்ப வர்ற படபடப்பை இது மறைச்சிடும். அதுக்குத்தான் ஒவ்வொருத்தர்கிட்டயும் அத்தனை கேள்வி கேக்குறோம்." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "இதைக் கொடுத்துட்டு நீங்க எதைப் போடுறீங்க?"

என் கையில் பிரஷர் பட்டை சுற்றினார்கள். 178/104. நாடி 112. ஈ.சி.ஜி. எடுத்தார்கள், பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள்.

"மூணு மாசமா நார்மலா இருந்துச்சு, அதான்..." என்றேன். ஏழாம் வகுப்புப் பிள்ளையின் குரல் மாதிரி இருந்தது எனக்கே.

"மாத்திரை போட்டதாலதான் நார்மல். இதைத் திடீர்னு நிறுத்தினா இதயம் தறிகெட்டு ஓடும். சிலருக்கு நெஞ்சுவலி, அட்டாக் வரைக்கும் போயிருக்கு. நிறுத்த வேண்டிய நேரம் வந்தா நாங்களே கொஞ்சம் கொஞ்சமாக் குறைப்போம். கால் சில்லுங்குதா, அசதியா, என்கிட்ட வந்து சொல்லுங்க. மாத்திக் கொடுக்க வழி இருக்கு."

வகுப்பு அமைதியாக இருக்கிறது என்று வாத்தியாரை வெளியே அனுப்பிவிட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

டாக்டரம்மா சொன்னபடி மாத்திரை மறுபடி ஆரம்பம். வேலுத்தாய்க்கு விசில் குறைந்திருக்கிறது. நான் அவள் பக்கத்தில் காது வைத்துக் கேட்டேன். "டீச்சர், ரேடியோவா நானு?" என்றாள்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

வேலுத்தாய் வீடு வந்துவிட்டாள். பிரஷருக்கு வேறு வகை மாத்திரை, மூச்சுக்குத் தினமும் இழுக்க ஒரு பம்ப்பு. நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். போகும்போது மூன்று வாக்கியம் மனப்பாடம் செய்திருந்தேன். முதல் வாக்கியத்திலேயே நிறுத்திவிட்டாள்.

"கேட்டது நானு. குடுத்தது நீங்க. ஆளுக்குப் பாதி. ஆனா ஒண்ணு டீச்சர், இனிமே ஒங்க வீட்டுல காபி மட்டுந்தான் வாங்கிக் குடிப்பேன்."

அழுகை வந்தது. அவள் சிரித்ததால் நானும் சிரித்துத் தொலைத்தேன்.

செப்டம்பர் 8, திங்கள்

வேலுத்தாயோடு கம்பெனிக்குப் போனேன். மேனேஜர் என் பழைய மாணவன் பால்பாண்டி என்பது எனக்கு அங்கே போன பிறகுதான் தெரிந்தது. என்னைக் கண்டதும் எழுந்து நின்றான். ஆஸ்துமாவை ஒளிக்காமல் சொன்னாள் வேலுத்தாய். டாக்டர் சீட்டையும் நீட்டினாள்.

"இத மொதல்லயே சொல்லக் கூடாதாக்கா?" என்றான். மருந்துத் தூசி இல்லாத பெட்டி ஒட்டும் பக்கத்துக்கு மாற்றிவிட்டான். வெளியே வந்ததும் வேலுத்தாய், "எந்திரிச்சு நின்னான் பாத்தீகளா? நீங்க அந்தக் காலத்துல எம்புட்டு அடிச்சிருப்பீக!" என்றாள். நான் யாரையும் அடித்ததில்லை. இரண்டு மூன்று பேரைத் தவிர.

செப்டம்பர் 15, திங்கள்

பாண்டிமீனா வந்தாள். விஷயம் தெரிந்திருக்கிறது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். நாடியை எண்ணினாள், 62. பிறகு என் கத்தரிக்கோலை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டாள். புதுசு அது!

அக்டோபர் 21, செவ்வாய்

நேற்று தீபாவளி. ஊரே புகை. வேலுத்தாய் பகல் முழுக்க எங்கள் உள்ளறையில், ஜன்னல் எல்லாம் சாத்தி, பம்ப்பு பக்கத்தில். ஒவ்வொரு வெடிக்கும் "இது நல்ல சரக்கு", "இது நமுத்துப் போனது" என்று மார்க் போட்டாள். "வருசம் பூராச் செஞ்சதெல்லாம் என்னயவே தொரத்துது பாருங்க" என்றாள். இவருக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

இன்று கம்பெனி லீவு. வேன் இல்லை. இன்றைக்காவது தூங்குவாள் என்று நினைத்தேன். ஏழரை மணிக்கு வாசல் கேட் சத்தம். ஆகஸ்டிலிருந்து ஒரு நாளும் தப்பாத சத்தம்.

"கற்பகவல்லி டீச்சர்!"

"உள்ளேன் அம்மா."

"போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"வாயத் தொறங்க."

திறந்து காட்டினேன். பிறகு என் முறை. "வேலுத்தாய்!" என்றேன். பம்ப்பு இழுத்தாச்சு, மாத்திரையும் போட்டாச்சு என்றாள். அவள் சுருக்குப்பையில் இப்போது வெட்டிய துண்டு எதுவும் இல்லை. நான்காக மடித்த தாள் ஒன்று இருக்கிறது. அவள் போடும் மருந்துகளின் பெயர், கீழே சிவப்பு மையில் ஆஸ்துமா. என் பர்சிலும் ஒன்று. இரண்டும் என் கையெழுத்து. எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பாண்டிமீனா சரிபார்த்துவிட்டாள்.

காபி குடிக்கும்போது காதைத் தீட்டிக் கேட்டேன். விசில் இல்லை. டம்ளர் சத்தம்தான்.

என்றைக்காவது இந்த நோட்டை யார் திறந்தாலும் அவருக்கு ஒரே ஒரு வீட்டுப்பாடம்: நீங்கள் போடும் மாத்திரைகளின் பெயரை எல்லாம் ஒரு தாளில் எழுதி, இன்றைக்கே உங்கள் பர்சில் வையுங்கள்.