கழுவாமல் வைத்த கிளாஸ்

பெங்களூர்,
12-2-1958

அன்புள்ள மதலேனுக்கு,

ஆண்டவர் கிருபையால் நான் சுகம். பாப்பாவுக்கு இருமல் நின்றதா? அதை முதலில் எழுது.

இங்கே ஒரு கூத்து நடந்தது. பயப்படாதே, வேலை போகவில்லை. பாக்டரி கேண்டீனில் டீ குடித்ததும், நம்மூர் டீக்கடைப் பழக்கத்தில் கிளாஸை நானே கழுவிக் கவிழ்த்து வைத்தேன். மூன்று நாள் அப்படியே செய்தேன். நாலாம் நாள், அங்கே வேலை செய்யும் லட்சுமம்மா எல்லோர் எதிரிலும் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்பா, நான் கழுவினா சுத்தமில்லையா? உனக்கு அவ்வளவு மடியா?"

நம்மைப் பார்த்து மடி ஆசாரமாம்! ஊரில் எங்கள் சாதிக்குத் தனி கிளாஸ், குடித்தவரே கழுவி வைக்க வேண்டும் என்று உண்மையைச் சொல்லிவிட்டேன்.

அதற்கு அவள், "இங்கே கழுவறதுக்கு எனக்குச் சம்பளம் தராங்க. வச்சிட்டுப் போ" என்றாள். அவ்வளவுதான். அன்றைக்குத்தான் எனக்குச் சோறு நிம்மதியாக இறங்கியது.

கடவுள் முன் எல்லோரும் சமம் என்று நம் சாமியார் பிரசங்கம் வைப்பார். அதையும் நாம் கோயிலில் நமக்கென்று ஒதுக்கிய மூலையில் உட்கார்ந்துதான் கேட்போம். லட்சுமம்மா கடவுளை இழுக்கவே இல்லை. இதை அவரிடம் சொல்லிவிடாதே, ஈஸ்டருக்கு வரும்போது நானே கேட்கிறேன்.

பாப்பாவின் பாதத்தைக் காகிதத்தில் வைத்து வரைந்து அனுப்பு. செருப்பு வாங்கத்தான். நார்த்தங்காய் ஊறுகாயும் கொடுத்தனுப்பு.

சங்கு ஊதிவிட்டது. நீ இங்கே வந்ததும் ஓட்டலுக்குக் கூட்டிப்போகிறேன். காப்பி குடித்துவிட்டு கிளாஸை மேஜைமேலேயே விட்டு எழுந்து வரவேண்டும். சுலபமில்லை, மதலேன். என் கை இன்னும் குழாய்ப் பக்கம்தான் போகிறது.

உன்
தைரியநாதன்