ராசுவின் கடல்குதிரை

அக்கா,

இராமேசுவரம் போய்வந்த பக்கத்து வீட்டுக்காரி நேற்று ஒரு பொட்டலம் கொடுத்தாள். விபூதி, கொஞ்சம் சோழி, காய்ந்த கடல்குதிரை ஒன்று. பிரித்ததும் உப்பும் மீனும் கலந்த வாடை. பாம்பனில் நீங்கள் தவறிப்போன செய்தியையும் அவள்தான் சொன்னாள். எனக்கு அழுகை வரவில்லை. கேட்க இனி ஆள் இல்லையே என்று கோபம்தான் வந்தது.

விழுப்புரம் ரயில்வே லைன் வீட்டில் நமக்கு நடுவே ஒரு சுவர்தான். உங்கள் வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும் வண்டிக்குத் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன்கள். யுத்தத்துக்கு முந்தின கோடையில் என் ராசுவுக்குக் கக்குவான் இருமல் வந்தது. இருமி இருமி முகம் நீலம் பாரிக்கும். "கடல்குதிரையச் சுட்டுப் பொடிச்சுத் தேன்ல குடுத்தா நிக்கும் தங்கச்சி. ஊருக்குத்தான போறேன், கொண்டு வாறேன்" என்றீர்கள். அவனை மடியில் போட்டுக்கொண்டு, பவளப்பாறை ஓரத்துப் பாசியில் வாலைச் சுற்றிக்கொண்டு நிற்கும் விரல் நீளக் குதிரையைப் பற்றிக் கதையும் சொன்னீர்கள். அது மீன் என்றால் அவன் ஒப்புக்கொள்ளவே இல்லை. அப்புறம் ஒவ்வொரு வண்டி கூவும்போதும், "குதிர வந்துக்கினு இருக்குதாம்மா?" என்பான்.

நீங்கள் திரும்பி வந்தீர்கள். "இந்தத் தடவ ஒண்ணும் மாட்டலையே தங்கச்சி" என்று என் கண்ணைப் பார்த்துச் சொன்னீர்கள். நானும் நம்பினேன்.

ராசுவை ஆஸ்பத்திரியில் காட்டத் திண்டிவனத்து அம்மா வீட்டுக்குப் போனேன். அம்மா பால் ஊற்றும் வீடுகளில் ஒன்று ரயில்வே இன்ஸ்பெக்டர் வீடு. உங்கள் வீட்டுக்காரர் பாயிண்டைத் தப்பாகத் திருப்பிய விவகாரத்தின் விசாரணை அவர் கையில்தான் இருந்தது. பாலோடு நான் போனபோது, இருமிக்கொண்டே அவர் மகள் தரையில் ஒரு கடல்குதிரையை நடக்க விட்டுக்கொண்டிருந்தாள்.

"விழுப்புரத்து பாயிண்ட்ஸ்மேன் சம்சாரம் ரெண்டு கொண்டாந்து குடுத்துச்சு. ஒண்ணப் பொடிச்சிக் குடுத்தோம். இத வச்சி வெளையாடிக்கினு இருக்கா" என்றார் அவள் அம்மா.

அந்த வாரமே ராசு போய்விட்டான். கடல்குதிரை ஒரு மருந்தே இல்லை என்று டாக்டர் சொன்னார். அதனால் என் பிள்ளையை நீங்கள் கொன்றீர்கள் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. வேலை போயிருந்தால் உங்கள் பிள்ளைகள் தெருவில் நின்றிருப்பார்கள், அதுவும் தெரியும். ஆனால் இரண்டு இருந்ததே அக்கா! அந்தப் பெண் வைத்து விளையாடியதை என் பிள்ளை ஒரு தரம் கையில் வைத்துப் பார்த்திருப்பானே.

சாவுச் செய்தி கேட்டு முதல் வண்டியிலேயே வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதீர்கள். மனசாரத்தான் அழுதீர்கள். அதைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை. குழந்தையைக் கிடத்தியிருக்கும் இடத்தில் எதைக் கேட்பது? அடுத்த மாதமே மண்டபத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டீர்கள்.

பொட்டலத்தைப் பரணில் போட எழுந்தேன். ராசுவுக்குப் பின் பிறந்தவள் ஓடிவந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னாம்மா இது?"

"குதிர."

"எனக்கா?"

"உங்க அண்ணனுக்குடி. இப்பத்தான் வந்துச்சு."